மூன்றாவது சிலிண்டர்

நிற்கச் சொன்னால்தான் அதற்கு வரும்
அந்த நடுக்கம்.
சல்லான் சிக்னலில் சிவப்பு விழுந்ததும்
ஸ்டீயரிங் வழியாக என் மணிக்கட்டில் ஏறி
டாஷ்போர்டு மாதாவை இடவலம் ஆட்டும்.
வேண்டாம் வேண்டாம் என்கிறாளா,
என்ன வேண்டாம் என்று சொல்லமாட்டாள்.
பக்கத்து லேண்ட்குரூசர்காரர்
கண்ணாடியை இறக்கி
எக்கோவைப் பார்ப்பார், பிறகு என்னை.

இரண்டாயிரத்து மூன்று மாடல்.
எனக்கு முன்னால் ஓட்டிய மூன்று பேரும்
ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்,
நல்ல அர்த்தத்தில்தான்.
அடுத்த மாதம் முல்கியா புதுப்பிக்க வேண்டும்.

சனாயாவில் குல்ஸமான்
பானட்டைத் திறந்து
நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றை
முனை இஞ்செக்டரில், பிடி தன் காதில் என
வைத்துக் கேட்டார்.
வார்டில் டாக்டர்கள்கூட
இவ்வளவு நேரம் கேட்பதில்லை.
ஒன்று, இரண்டு, நான்கு: டிக் டிக் டிக்.
மூன்றாவது மட்டும்
வாய்க்குள்ளேயே ஏதோ முனகுகிறது.

"தினம் எவ்வளவு ஓட்டுகிறாய், பஹன்?"
ஆஸ்பத்திரிக்கு நாலு கிலோமீட்டர்.
அறைக்கு நாலு கிலோமீட்டர்.
"எத்தனை வருடமாக?"
ஒன்பது.
குல்ஸமான் கையைத் துடைத்துக்கொண்டார்.
"சூடேறும் முன்னாலேயே அணைத்துவிடுகிறாய்.
கரி படியாமல் என்ன செய்யும்?"

கழற்றிக் கழுவ இருபத்தைந்து ரியால்.
பம்பில் விற்கிற பாட்டில் இரண்டரை.
கேனுலா அடைத்தால்
முதலில் சலைன் தள்ளிப் பார்ப்போம்,
பிறகுதான் வேறு கையில் ஊசி.
அது எனக்குத் தெரிந்த கணக்கு.
பாட்டில் என்றேன்.

டேங்க் வற்றியபின் ஊற்று,
ஊற்றியபின் நிரப்பு,
நிரப்பியபின் ஊருக்குள் உருட்டாதே.
பெரிய ரோட்டில் போ, தீரும்வரை போ.
எங்கே போவது என்று கேட்டேன்.
அது பாட்டிலில் எழுதியிருக்காது என்றார்.

வெள்ளிக்கிழமை, பாங்கு சொல்லும் முன்பே
மருந்தும் பெட்ரோலுமாகக் கிளம்பினேன்.
பத்து ரியால்.
அதை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்காமல் இருக்க
இன்னும் பழகவில்லை நான்.
லிவா. ஷினாஸ்.
எல்லைச் சாவடி தெரிந்ததும் திரும்பினேன்.
வாதி ஜிஸ்ஸியில் மலைகள்
குவாரி லாரிகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றன.
மறுபடி கடலோரம், தெற்கே.
சஹாமில் மீன் வாங்கவில்லை,
காபூராவில் யாரையும் பார்க்கவில்லை.

தம்பி வேதநாயகம் அழைத்தான்.
"எங்கக்கா போயிட்டிருக்க?"
டேங்க் தீர்க்க.
"என்னது?"
சத்தம் கேட்கலையா, ரோட்டுல இருக்கேன்.
கான்கிரீட் தளத்துக்குத் தேதி குறித்ததைச் சொன்னான்.
தொகையைச் சொல்லும் நேரத்தில்
பெரிய டேங்கர் ஒன்று முந்திப் போனது.

சுவைக் தாண்டியபோது
வண்டி ஒருமுறை இருமியது.
கண்ணாடியில் கறுப்புப் புகை,
ஒரு கைக்குட்டை அளவு.
அப்புறம் ஊசி நூற்றுப் பத்தில் போய்
உட்கார்ந்துகொண்டது.
பர்காவில் ஒரு தேநீர்.
கடைக்காரப் பையன் எந்தப் பக்கம் என்றான்.
வந்த பக்கமே என்றேன்.

சாயங்காலம், சல்லான் சிக்னல்.
சிவப்பு.
மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.
ஒன்றும் ஏறவில்லை.
மாதா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சத்தமே இல்லை.
அணைந்துவிட்டது,
நடுரோட்டில் அணைந்தேவிட்டது என்று பதறி
சாவியைத் திருப்பினேன்.
க்ர்ர்ரென்று பற்கள் உரசின.
ஓடிக்கொண்டுதான் இருந்தது.
எல்லாக் கண்ணாடிகளும் இறங்கின.

மறுநாள் காலை டியூட்டிக்குக் கிளம்புகையில்
குளிர்ந்த இஞ்சினில் மூன்றாவது மட்டும்
லேசாக ஒரு முனகல்.
தெரு முனைவரைதான்.
குல்ஸமானிடம் இன்னும் சொல்லவில்லை.
டேங்க்கில் மிச்சம் கால்வாசி இருக்கிறது.